எழுதினால் மட்டும் போதாது, இடமும் வேண்டும்

2009 ஜனவரி 24. மங்களூரில் ஒரு மதுக்கூடத்துக்குள் ஸ்ரீராம சேனையைச் சேர்ந்தவர்கள் புகுந்து, அங்கிருந்த பெண்களை அடித்து, இழுத்து, வெளியே துரத்தினார்கள். கேமராக்கள் எல்லாவற்றையும் பதிவு செய்தன. அந்தக் காட்சி நாடு முழுவதும் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது. அதோடும் நிற்கவில்லை. காதலர் தினத்தன்று ஜோடியாகக் கண்ணில் படுகிறவர்களுக்குக் கட்டாயக் கல்யாணம் செய்துவைப்போம் என்று அந்த அமைப்பின் தலைவர் பிரமோத் முத்தாலிக் அறிவித்தார்.

அப்போது டெஹல்கா இதழில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நிஷா சூசன் என்ற பத்திரிகையாளர், தோழிகளோடு சேர்ந்து ஃபேஸ்புக்கில் ஒரு குழுவைத் தொடங்கினார். பெண்களைத் திட்டுவதற்கு என்னென்ன சொல்வார்களோ, அதையெல்லாம் தாங்களே குழுவின் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். ஹூப்ளியில் இருக்கும் முத்தாலிக்கின் அலுவலகத்துக்கு இளஞ்சிவப்பு உள்ளாடைகளைத் தபாலில் அனுப்புங்கள் என்பதுதான் அழைப்பு. தமிழ்ப் பத்திரிகைகளும் 'பிங்க் ஜட்டி இயக்கம்' என்று எழுதின, ஞாபகம் இருக்கலாம். சில நாட்களிலேயே பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். ஊர் ஊராகப் பார்சல்கள் போயின. காதலர் தினத்துக்கு முன்பே முத்தாலிக்கைப் போலீஸார் முன்னெச்சரிக்கையாகக் காவலில் எடுத்தார்கள்.

இந்தக் கதையை இதோடு முடித்துவிடுவது வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். அந்தக் குழுவுக்குள் விஷமிகள் ஊடுருவினார்கள், வசைகளால் நிரப்பினார்கள். கடைசியில் ஃபேஸ்புக் அதை முடக்கியது. நிஷா சூசனின் கணக்கும் முடங்கியது. பல்லாயிரம் பெண்கள் கூடிய ஒரு இடம், யாரோ ஒரு நிறுவனத்தின் முடிவால், இல்லாமல் போனது. மதுக்கூட வழக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2018 மார்ச்சில் மங்களூர் நீதிமன்றம் முத்தாலிக் உட்பட எல்லோரையும் விடுதலை செய்தது.

பெண்ணியப் பத்திரிகையாளர்கள் என்றால் துணிச்சல், கூர்மை, எழுத்து என்றுதான் பேசுகிறோம். அவர்கள் எழுதியது எங்கே இருக்கிறது, அந்த இடம் யாருக்குச் சொந்தம், நாளைக்கும் இருக்குமா என்று கேட்பதே இல்லை. இணையத்தில் வேலை செய்கிற பெண்ணுக்கு இந்தக் கேள்விதான் தொழிலின் பாதி. பெங்களூரில் வாழ்ந்துகொண்டு, இங்கிருந்து எழுதும் பெண்களைத் தொடர்ந்து வாசித்துவருகிற ஒருத்தியாக, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நிஷா சூசன் கட்டிய இதழ்

இந்தியா, நைஜீரியா, ஓமன் என்று மூன்று நாடுகளில் வளர்ந்தவர் நிஷா சூசன். இப்போது இருப்பது பெங்களூரில். டெஹல்காவுக்குப் பிறகு இன்னொரு பெரிய பத்திரிகையில் போய் உட்காராமல், கௌரவ் ஜெயினோடு சேர்ந்து கிரிஸ்ட் மீடியா என்ற நிறுவனத்தையும், 'த லேடீஸ் ஃபிங்கர்' என்ற இணைய இதழையும் தொடங்கினார்.

அந்த இதழை அது சுறுசுறுப்பாக இயங்கிய காலத்தில் வாசித்தவர்களுக்கு அதன் சுவை தெரியும். பெண்கள் இதழ் என்றால் சமையல், கோலம், முகப்பூச்சு என்றும், பெண்ணிய இதழ் என்றால் எப்போதும் கோபமும் கண்ணீரும் என்றும் நமக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. அவர்கள் இரண்டையும் தாண்டினார்கள். சட்டம், உடல்நலம், அலுவலகம், தேர்தல், சினிமா, காதல் என எல்லாவற்றையும் பெண் பார்வையில் எழுதினார்கள். சிரிக்கவும் வைத்தார்கள். செய்தி வந்த அன்றே, சூடு ஆறுவதற்குள், 'இதில் பெண்களுக்கு என்ன?' என்ற கேள்வியோடு ஒரு கட்டுரை வந்துவிடும். எழுதியவர்களில் பலர் தொழிலுக்குப் புதிதாக வந்த இளம்பெண்கள்.

ஒரு ஆசிரியரின் வேலை வெளியில் தெரியாது. கட்டுரையாளரின் பெயர்தான் மேலே நிற்கும். ஆனால் இருபத்திரண்டு வயதுப் பெண் கொண்டுவரும் அரைகுறை யோசனையைக் கேட்டு, 'யாரிடம் பேசினாய்? அந்தச் சட்டப் பிரிவைப் படித்தாயா? எதிர்த்தரப்பு என்ன சொன்னது?' என்று துருவி, அவளைப் பத்திரிகையாளராக ஆக்குவது ஆசிரியர்தான். கட்டுரைகள் காணாமல் போகலாம். அங்கே கற்றவர்கள் அந்தப் பயிற்சியைப் போகிற இடமெல்லாம் கொண்டுபோவார்கள். நிஷா சூசனின் தொழில் வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

2020-ல் அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு ஆங்கிலத்தில் வந்தது: 'த விமன் ஹூ ஃபர்காட் டு இன்வென்ட் ஃபேஸ்புக் அண்ட் அதர் ஸ்டோரீஸ்'. இணையமும் செல்போனும் நம் ஊர்ப் பெண்களின் காதலிலும் நட்பிலும் தனிமையிலும் என்ன செய்தன என்பதே அந்தக் கதைகளின் களம். செய்தியாளராக அவர் பத்தாண்டுகளுக்கு மேல் பார்த்ததெல்லாம் கதைகளில் வேறு வடிவம் எடுத்தது. ஒரு கணக்கு முடக்கப்படுவது செய்தி. முகம் தெரியாத ஒருவரோடு இரவெல்லாம் தட்டச்சு செய்து பேசிய பெண்ணின் மனசு செய்தியில் வராது. அதற்குக் கதைதான் வேண்டும்.

நூறு வருடத்துக்கு முந்தைய வழி

எழுதுகிற பெண்ணே எழுத்துக்கான இடத்தையும் உண்டாக்குவது இணையத்தோடு வந்த புதுப்பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மண்ணில் அதற்கு நூறு வருட வரலாறு உண்டு.

1887-ல் நஞ்சன்கூட்டில் பிறந்த திருமலாம்பா சின்ன வயதிலேயே விதவையானவர். வீட்டிலேயே படித்து, 1913-ல் 'சதி ஹிதைஷிணி' என்ற நூல் வரிசையைத் தானே தொடங்கித் தன் நாவல்களை வெளியிட்டார். பிறகு 'கர்நாடக நந்தினி' என்ற பெண்கள் பத்திரிகையையும் நடத்தினார். கன்னடத்தின் முதல் பெண் பத்திரிகையாசிரியர் என்று இன்று அவரைச் சொல்கிறோம். ஆனால் இடையில் பல பத்தாண்டுகள் அவரை யாரும் நினைக்கவே இல்லை. பின்னால் வந்த பெண் ஆய்வாளர்கள் தேடி எடுத்துப் பேசிய பிறகுதான் அவர் வரலாற்றுக்குள் வந்தார். நம் பக்கத்தில் வை.மு. கோதைநாயகி 1925-ல் 'ஜகன்மோகினி'யை வாங்கி நடத்தத் தொடங்கியதை இதோடு சேர்த்துப் பாருங்கள். மைசூர் சமஸ்தானத்திலும் சென்னை மாகாணத்திலும், இரண்டு மொழிகளில், இரண்டு பெண்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: நமக்கான பத்திரிகையை நாமே நடத்துவோம்.

அடுத்தது அம்மு ஜோசப். பெங்களூரில் வாழும் இவரைத் தவிர்த்துவிட்டு இந்தியப் பெண்ணிய இதழியலைப் பற்றிப் பேச முடியாது. மும்பையில் ஈவ்ஸ் வீக்லியில் வேலை செய்தார். இந்தியன் போஸ்ட் நாளிதழின் ஞாயிறு இதழுக்கு ஆசிரியராக இருந்தார். 1994-ல் பத்திரிகையாளர் கல்பனா சர்மாவோடு சேர்ந்து 'ஹூஸ் நியூஸ்?' என்ற நூலைக் கொண்டுவந்தார். 1980களில் பாலியல் வன்முறை, வரதட்சிணைச் சாவுகள், ஷா பானு வழக்கு, 1987-ல் தேவ்ராலாவில் நடந்த சதி போன்றவற்றைப் பத்திரிகைகள் எப்படி எழுதின என்று எடைபோட்ட புத்தகம் அது. பத்திரிகைகளைப் பெண்கள் திருப்பி வாசித்துக் கேள்வி கேட்டது அப்போது பெரிய விஷயம். உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலையை 1986-ல் இந்தியா டுடே அட்டைப்படக் கட்டுரையாக்கியபோது நாடே அதிர்ந்தது. அந்த அதிர்ச்சி அடங்கிய பிறகு அந்தத் தாய்மார்களைப் பற்றி யார் தொடர்ந்து எழுதினார்கள்? இதுபோன்ற கேள்வியைக் கேட்க எனக்குக் கற்றுத்தந்தவர்கள் அம்மு ஜோசப்பும் கல்பனா சர்மாவும்தான்.

2000-ல் இந்தியப் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார் அம்மு ஜோசப். இரவுப் பணி, பதவி உயர்வு, அலுவலகத் தொல்லை, குழந்தை வளர்ப்பு, சாதி, மொழி என்று அதுவரை கழிப்பறை வாசலிலும் கேன்டீனிலும் மட்டும் பேசப்பட்டவை அச்சுக்கு வந்தன. 2002-ல் 'நெட்வொர்க் ஆஃப் விமன் இன் மீடியா, இந்தியா' தொடங்கப்பட்டபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவரானார். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த பெண் பத்திரிகையாளர்கள் மின்னஞ்சலிலும் இணையதளத்திலும் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். தலைமை அலுவலகம், முதலாளி, விளம்பரதாரர் என்று எதுவும் இல்லாத அமைப்பு அது. இன்றைக்கும் ஒரு பெண் செய்தியாளர் தாக்கப்பட்டால் முதலில் வரும் கண்டன அறிக்கைகளில் ஒன்று அவர்களுடையதாக இருக்கிறது.

அப்படி என்னதான் வேலை?

என் அண்ணன் மகள் பெங்களூரில் கல்லூரிக் கடைசி வருடம் படிக்கிறாள். இதழியல் பக்கம் போகலாமா என்று யோசனை. அன்றைக்குக் கேட்டாள்: "அத்தை, ஜர்னலிஸ்ட்னா ஜர்னலிஸ்ட்தானே? அதுல ஃபெமினிஸ்ட் ஜர்னலிஸ்ட்னு தனியா என்ன இருக்கு?"

நல்ல கேள்வி. அவளுக்கு நான் சொன்ன உதாரணம் 2016 ஏப்ரல் 18, 19. அந்த இரண்டு நாட்களும் பெங்களூரில் ஆயிரக்கணக்கான ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் சாலைக்கு வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ஓசூர் சாலை நின்றுபோனது. தொலைக்காட்சியில் என்ன பார்த்தோம்? போக்குவரத்து நெரிசல், எரிந்த பேருந்து, தடியடி. அந்தப் பெண்கள் எதற்காக வந்தார்கள்? வருங்கால வைப்பு நிதியில் முதலாளி கட்டிய பங்கை 58 வயதாகும்வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதியை மாற்றியிருந்தது. கார்மென்ட்ஸ் வேலையில் ஒரு பெண் அந்த வயதுவரை தாக்குப்பிடிப்பது அபூர்வம். முதுகு, கண், நுரையீரல் எல்லாம் முன்பே கைவிட்டுவிடும். நடுவில் வேலையை விடும்போது கையில் கிடைக்கும் அந்தப் பணம்தான் மகளின் கல்லூரிக் கட்டணம், வட்டிக்கடன் அடைப்பு, கூரைக்கு ஓடு. பெரிய தொழிற்சங்கம் எதுவும் அழைக்காமலே அந்தப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 19-ஆம் தேதியே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. கோடிக்கணக்கான இந்தியத் தொழிலாளர்களுக்கு அதனால் பலன்.

"இதுல யாரைப் போய்ப் பார்ப்ப நீ?" என்று கேட்டேன். "போலீஸ் கமிஷனர், அமைச்சர், ஃபேக்டரி ஓனர்" என்றாள். "அந்தப் பொம்பளைங்களை?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்களைத்தான் மொதல்ல பாக்கணும், இல்ல அத்தை?" என்றாள். அவ்வளவுதான். பெண்ணியப் பத்திரிகையாளரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

உலகம் முழுவதும் செய்திகளில் யார் பேசுகிறார்கள், யார் பேசப்படுகிறார்கள் என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டத்தின் எண்களைப் பாருங்கள். 1995-ல் செய்தியில் இடம்பெற்றவர்களில் பெண்கள் 17 சதவீதம். 2020-ல் 25 சதவீதம். கால் நூற்றாண்டில் எட்டுப் புள்ளிதான் நகர்ந்திருக்கிறது. செய்தியறையில் பெண்கள் கூடினால் மட்டும் இது தானாக மாறிவிடாது. யாரிடம் கேள்வி கேட்கிறோம் என்பது மாற வேண்டும்.

இணையம் கேட்கும் விலை

இணையத்தில் எழுதும் பெண்ணுக்கு வாசகர்கள் உடனே கிடைப்பார்கள். வசைபாடுகிறவர்களும் உடனே கிடைப்பார்கள்.

2014-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய 'த நியூஸ் மினிட்' தளத்தின் தலைமை ஆசிரியர் தன்யா ராஜேந்திரன். தென்மாநிலச் செய்தி என்றால் டெல்லிக்காரர்கள் புயலையும் தேர்தலையும் மட்டும் எட்டிப்பார்த்த காலத்தில், ஐந்து மாநிலங்களையும் அன்றாடம் கவனிக்கும் தளத்தை அவர் கூட்டாளிகளோடு கட்டினார். 2017 ஆகஸ்டில் ஒரு ஷாருக் கான் படத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதும்போது, விஜய் நடித்த 'சுறா'வை இடைவேளை வரைதான் பார்க்க முடிந்தது என்று குறிப்பிட்டார். அதற்கு அவர் மீது கொட்டப்பட்டது பல்லாயிரம் வசை ட்வீட்டுகள். அவரை இழிவுபடுத்தும் ஹேஷ்டேக் இந்திய அளவில் முன்னுக்கு வந்தது. பாலியல் மிரட்டல்களும் வந்தன. சென்னைப் போலீஸில் புகார் கொடுத்தார். பெண்களை இழிவாகப் பேசக்கூடாது என்று விஜய்யே அறிக்கை விட வேண்டியிருந்தது. ஒரு ஆண் விமர்சகர் அதே கருத்தைச் சொல்லியிருந்தால் அவரையும் திட்டியிருப்பார்கள். இப்படித் திட்டியிருக்க மாட்டார்கள்.

இது தனிப்பட்டவரின் துரதிர்ஷ்டம் இல்லை. யுனெஸ்கோவும் சர்வதேசப் பத்திரிகையாளர் மையமும் 2020-ல் நடத்திய ஆய்வில் பதில் சொன்ன பெண் பத்திரிகையாளர்களில் 73 சதவீதம் பேர் வேலை தொடர்பாக இணைய வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். 2022 புத்தாண்டு அன்று, பத்திரிகையாளர்கள் உட்பட முஸ்லிம் பெண்களின் படங்களை ஒரு செயலியில் போட்டு 'ஏலம்' விட்டார்கள். அந்த வழக்கில் முதலில் கைதானவர் பெங்களூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த 21 வயது இளைஞர். நம் பக்கத்துத் தெருவிலிருந்து, நம் வீட்டுப் பிள்ளைகளின் வயதில் இருப்பவர்களிடமிருந்து இது வருகிறது என்பது என்னைத் தூங்கவிடாத செய்தி.

2018 அக்டோபரை மறக்க முடியுமா? பெங்களூரில் வாழும் பத்திரிகையாளர் சந்தியா மேனன் தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையை ட்விட்டரில் எழுதியதோடு, மற்றப் பெண்கள் தன்னிடம் சொன்னவற்றையும் பகிர்ந்தார். அந்த மாதமே தமிழில் பாடகி சின்மயி பேசினார். அந்த மாதம்தான் மூத்த பத்திரிகையாளர் பிரியா ரமணி, அப்போது மத்திய இணையமைச்சராக இருந்த எம்.ஜே. அக்பரின் பெயரைச் சொன்னார். அக்பர் குற்றச்சாட்டை மறுத்தார், பதவி விலகினார், கிரிமினல் அவதூறு வழக்கும் போட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிரியா ரமணி டெல்லி நீதிமன்றத்துக்கு நடையாக நடந்தார். 2021 பிப்ரவரி 17 அன்று விடுதலையானார். பல பத்தாண்டுகள் கழித்தும்கூட, தான் விரும்பும் எந்தத் தளத்திலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்ல உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அக்பர் மேல்முறையீடு செய்தார்.

எந்தத் தளத்திலும் சொல்லலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தளத்துக்குப் பிறகு என்ன ஆனது? ட்விட்டரை 2022-ல் ஈலான் மஸ்க் வாங்கினார், 2023-ல் பெயரே எக்ஸ் என்று மாறியது. நூற்றுக்கணக்கான இந்தியப் பெண்களின் சாட்சியங்கள் இன்னும் அதற்குள்தான் கிடக்கின்றன. எத்தனை நாளைக்கு என்பதை அவர்கள் தீர்மானிக்க முடியாது.

2017 செப்டம்பர் 5 இரவு, ராஜராஜேஸ்வரி நகரில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் கௌரி லங்கேஷையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவருடையது அச்சு வார இதழ், மொழி கன்னடம். அவர் அப்பா பி. லங்கேஷ் 1980-ல் தொடங்கிய 'லங்கேஷ் பத்ரிகே' விளம்பரமே வாங்காமல், வாசகர் கொடுக்கும் காசில் ஓடிய இதழ். கௌரியும் அந்த வழியில்தான் தன் பெயரிலான வார இதழை நடத்தினார். கடன் அழுத்தியது, வழக்குகள் துரத்தின. ஆனாலும் இன்ன செய்தியைப் போடாதே என்று சொல்ல ஒரு விளம்பரதாரர் அவருக்கு இருக்கவில்லை. வாசகர் தாங்கும் ஊடகம் என்று இன்று புதிதுபோலப் பேசுகிறோமே, அதற்கு பெங்களூரில் நாற்பது ஆண்டு முன்மாதிரி இருக்கிறது.

மூடப்பட்ட இதழ்கள்

இப்போது வருமானம். பெண்ணிய இணைய இதழ்கள் ஏன் நீடிப்பதில்லை?

இணைய விளம்பரம் பக்கத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையில் ஓடுகிறது. எண்ணிக்கை வேண்டுமென்றால் ஃபேஸ்புக்கும் கூகுளும் வாசகரை அனுப்ப வேண்டும். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் பக்கத்தில் செய்தித் தளங்களைப் பின்னுக்குத் தள்ளி, நண்பர்கள் உறவினர்களின் பதிவுகளை முன்னே வைத்தது. சிறிய இதழ்களின் வாசகர் வரத்து சரிந்தது. ஏற்கனவே மாதவிடாய், கருக்கலைப்பு, பாலியல் வன்முறை என்ற சொற்கள் இருக்கும் பக்கத்தில் விளம்பரம் போடப் பல நிறுவனங்கள் தயங்கும். பெண்ணுக்கு மிகவும் தேவைப்படும் கட்டுரைதான் மிகக் குறைவாகச் சம்பாதிக்கும்.

அமெரிக்காவைப் பாருங்கள். 'த டோஸ்ட்' 2016-ல் நின்றது. 'த ஹேர்பின்' 2018 ஜனவரியில், 'ரூக்கி' அதே ஆண்டு நவம்பரில், 'ஃபெமினிஸ்டிங்' 2019 இறுதியில், 'பிட்ச்' 2022-ல் மூடப்பட்டன. 2023 நவம்பரில் 'ஜெசபெல்' மூடப்பட்டு, வேறு நிறுவனம் வாங்கிய பிறகு மீண்டும் வந்தது. பணக்கார நாட்டில், ஆங்கிலத்தில், லட்சக்கணக்கான வாசகர்களை வைத்துக்கொண்டே இந்தக் கதி. இங்கே சட்டமும் சேர்ந்துகொண்டது. டிஜிட்டல் செய்தி ஊடகத்தில் அந்நிய முதலீட்டுக்கு 26 சதவீத வரம்பு வந்த பிறகு, 2020 நவம்பரில் ஹஃப்போஸ்ட் இந்தியா மூடப்பட்டது. 2021 ஆகஸ்டில் யாஹூ தன் இந்தியச் செய்திப் பக்கங்களை நிறுத்தியது.

புத்தகமாவது நிலைக்குமா? நிஷா சூசனின் தொகுப்பை வெளியிட்டது வெஸ்ட்லேண்டின் கான்டெக்ஸ்ட். வெஸ்ட்லேண்டின் வேர் சென்னையின் ஈஸ்ட் வெஸ்ட் புக்ஸில் இருக்கிறது. அமேசான் அதை 2016-ல் வாங்கி, 2022 பிப்ரவரியில் மூடப்போவதாக அறிவித்தது. புத்தகங்கள் கிடைக்காமல் போய்விடும் என்று வாசகர்கள் அவசர அவசரமாக வாங்கினார்கள். நல்லவேளையாக, பெங்களூரைச் சேர்ந்த பிரதிலிபி அந்தப் பதிப்புக் குழுவோடு கைகோத்து வெஸ்ட்லேண்டை மீண்டும் நடத்தத் தொடங்கியது. யோசித்துப் பாருங்கள்: 2009-ல் இவருடைய குழுவை முடக்கியது ஒரு அமெரிக்க நிறுவனம். 2022-ல் இவருடைய பதிப்பகத்தை மூடியது இன்னொரு அமெரிக்க நிறுவனம். இரண்டு முடிவுகளுக்கும் இவர் எழுத்தின் தரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

பெங்களூரில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இது புரியும். சுவரில் ஆணி அடிக்கலாமா என்பதிலிருந்து எப்போது காலி செய்வது என்பதுவரை வீட்டுக்காரர் கையில். நாம் எவ்வளவு அழகாக வைத்துக்கொண்டாலும் வீடு நம்முடையது ஆகாது. மற்றவர் தளத்தில் எழுதும் பெண்ணின் நிலைமை அதுதான்.

இனி என்ன செய்யலாம்

மாற்று வழி இல்லாமல் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் 2002-ல் தொடங்கிய 'கபர் லஹரியா'வை எடுத்துக்கொள்ளுங்கள். தலித், முஸ்லிம், பழங்குடிப் பெண்கள் நடத்திய வட்டாரப் பத்திரிகை. பின்பு செல்போனைக் கையில் எடுத்துக் காணொலிச் செய்திக்கு மாறினார்கள். அவர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022 ஆஸ்கர் இறுதிப் பட்டியல்வரை போனது. அவர்களுடைய பலம் தொழில்நுட்பத்தில் இல்லை. செய்தி யாருக்காக, யார் எழுதுவது, யார் முடிவெடுப்பது என்ற மூன்றையும் அவர்கள் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள்.

தமிழிலும் ஆட்கள் இருக்கிறார்கள். புலம்பெயர்ந்த மண்ணிலிருந்து றஞ்சி நடத்தும் 'ஊடறு' நீண்ட காலமாக ஈழம், மலையகம், தமிழகம், புலம்பெயர் பெண்களின் எழுத்தை ஒரே இடத்தில் சேர்த்துவருகிறது. நிவேதிதா லூயிஸும் தோழிகளும் நடத்தும் 'ஹெர் ஸ்டோரிஸ்' இணையத்தில் கட்டுரை வெளியிடுகிறது, அதையே புத்தகமாகவும் போடுகிறது. இந்த இரட்டை ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இணையம் வேகமாகப் போய்ச் சேரும். அச்சு நூலகத்தில் தங்கும். ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும்.

அண்ணன் மகளுக்கு நான் சொன்ன அறிவுரையும் இதையொட்டியதுதான். எழுதும் ஒவ்வொன்றுக்கும் உன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொள். வெளியானதும் இணைய ஆவணக் காப்பகத்தில் சேமி. பிறருக்கு எழுதும்போது உரிமை யாருக்கு என்று ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. உனக்கென்று ஒரு தளமும், உன்னை வாசிக்கிறவர்களின் மின்னஞ்சல் பட்டியலும் வைத்துக்கொள். வசை வந்தால் தனியாகத் தாங்காதே, சக பெண்களிடம் சொல், புகார் கொடு, திரைப்பிடிப்பு எடுத்து வை. எந்த ஆசிரியர் உன் கட்டுரையைத் திருத்தி உன்னைத் திணறடிக்கிறாரோ அவரிடம் இரண்டு வருடமாவது இரு. பிறகு உன்னைவிடச் சின்னவள் ஒருத்திக்கு நீ அதைச் செய்.

வாசகர்களான நமக்கும் பங்கு இருக்கிறது. ஓ.டி.டி.க்கு மாதாமாதம் கட்டுகிறோம், சாப்பாட்டுச் செயலிக்குக் கூடுதல் கட்டணம் கேட்காமலே கொடுக்கிறோம். செய்தி மட்டும் இலவசமாக வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நாம் கொடுக்காத பணத்தை வேறு யாரோ கொடுக்கிறார்கள். எதை எழுதுவது என்பதையும் அவர்களே முடிவு செய்கிறார்கள். நீங்கள் மதிக்கும் ஒரு பெண்ணிய இதழுக்கோ, பெண் ஆசிரியர் நடத்தும் செய்தித் தளத்துக்கோ இந்த மாதமே சந்தா கட்டுங்கள். அவர்கள் போட்ட ஒரு புத்தகத்தை வாங்கி உங்கள் ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். அவர்கள் மேல் வசை பொழியும்போது ஒதுங்கி நிற்காமல், பெயரைச் சொல்லி ஆதரவு எழுதுங்கள்.

திருமலாம்பாவை நாம் மறந்தோம், பிறகு தேடிக் கண்டுபிடித்தோம். அச்சுப் பிரதி எங்கேயோ மிஞ்சியிருந்ததால் அது முடிந்தது. சர்வரில் மட்டும் இருக்கும் எழுத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை; கட்டணம் கட்டாத மாதம் அது போய்விடும். ஆகவே இன்று எழுதும் பெண்களைக் காப்பாற்ற வேண்டிய காலம் இன்றுதான். அந்தப் பொறுப்பை எந்த நிறுவனமும் எடுத்துக்கொள்ளாது. வாசிக்கிற நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.